எழுந்து நின்றவள்

அத்தியாயம் பதினேழு

அலமாரியின் கீழ்த்தட்டை ஜெயலெட்சுமி நான்கு வருடமாகத் திறக்கவில்லை. அன்று காலை திறந்தாள்.

உள்ளே மகள் பிரமிளாவின் துணிகள் மடித்தபடியே கிடந்தன. பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. மேலாக இருந்த பச்சை டீ ஷர்ட், இடைநிலைப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்தது. அதை உருவி மருமகள் காமினியிடம் நீட்டினாள்.

"இதப் போட்டுக்க. கீழ ஸ்லேக்ஸ். சேலையெல்லாம் வேணாம். பூவையும் எடுத்துரு."

காமினி சட்டையை வாங்கிக்கொண்டாள். யாருடையது என்று கேட்கவில்லை. சூலியா தெரு இஸ்மாயில் பாயின் மகன் இக்மலைக் கட்டிக்கொண்டு பிரமிளா மதம் மாறிப் போனது வாசகர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து மகளின் பெயரை ஜெயலெட்சுமி வாயில் எடுப்பதில்லை. புருஷன் வாசு செத்த வீட்டில்கூட எடுக்கவில்லை. மருமகளாக வந்த முதல் வாரமே அந்த வீட்டின் இந்தச் சட்டம் காமினிக்குப் புரிந்துவிட்டது.

இப்போது வீட்டின் கவலை பிரமிளா இல்லை, காமினிதான்.

மன்னார்குடிப் பெண். மகன் மோகனராஜுக்குப் பேசி முடித்து, விசிட் பாஸில் பினாங்குக்கு வந்தாள். தை மாதத்தில் அருமையான முகூர்த்தம் ஒன்று கிடைத்தது. கோயிலில் "ரெஜிஸ்டர் ஆச்சாம்மா?" என்று பூசாரி கேட்கத்தான் செய்தார். "அடுத்த வாரம் சாமி, ஊர்லேருந்து ஒரு பேப்பர் வரணும்" என்று ஜெயலெட்சுமி சமாளித்தாள். அவளைப் பொறுத்தவரை தாலி ஏறினால் கல்யாணம். ரெஜிஸ்டர் என்பது அப்புறம் ஒரு நாள் போய்க் கையெழுத்துப் போடுகிற சமாசாரம். இங்கே பல வீட்டில் இப்படித்தான் நினைக்கிறார்கள், நினைத்துவிட்டு அழுகிறார்கள்.

மேளம் கொட்டியது, சொந்தபந்தமெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவியது. அரசாங்கத்தின் கணக்கில் மட்டும் அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. ஊரிலிருந்து வரவேண்டிய பேப்பர் வருவதற்குள் பாஸ் முடிந்துபோனது. "நான் பாத்துக்கிறேன், நீங்க நிம்மதியா இருங்க" என்று ஏஜெண்ட் பக்கிரிசாமி காமினியின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார். நிம்மதியும் அவரோடு போய்விட்டது. போனை எடுப்பதில்லை. நேற்று மாலைதான் ஒரு மெசேஜ் வந்தது. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பொண்ண நேர்ல கூட்டிட்டு சூலியா தெரு ஆபிசுக்கு வாங்க. கையெழுத்து வேணும்."

மோகனராஜ் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இருந்தான். சூத்தி, அதாவது லீவு, கேட்டதற்கு சூப்பர்வைசர் முடியாது என்றுவிட்டார். அதனால்தான் மாமியாரும் மருமகளும் தனியாகக் கிளம்பினார்கள். காமினியின் வயிற்றில் மூன்று மாதப் பிள்ளை.

போன வாரம் இவர்கள் இருக்கிற சுங்கை பினாங் அடுக்குமாடியில், பக்கத்து புளோக்கில், பாஸ் இல்லாதவர்களை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து காமினி துணி காயப்போடக்கூட வெளியே வருவதில்லை. லிஃப்ட் சத்தம் கேட்டாலே கை வயிற்றுக்குப் போய்விடுகிறது.

பஸ் ஸ்டாப்பில் பாடம் ஆரம்பித்தது. ஒரு மாதமாகத் தினமும் நடக்கிற பாடம்தான். பிடித்துக் கேள்வி கேட்டால், காமினி பேச்சிலேயே இந்த ஊர்க்காரி என்று தெரியவேண்டும். ஜெயலெட்சுமியின் திட்டம் அவ்வளவுதான். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"காசு எம்புட்டுன்னு கேட்டா? ரூபான்னு வாயில வரக்கூடாது."

"வெள்ளி."

"சாப்பாடு கட்டிக் குடுக்கச் சொல்லணும்னா?"

"பார்சல்... இல்ல இல்ல. தாப்பாவ்."

"எடம் காட்டணும்னா?"

காமினி ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு கட்டைவிரலை நீட்டினாள். விரலை நீட்டிக் காட்டுவது இங்கே மரியாதை இல்லை. அதைக் கற்றுக்கொள்ளவே அவளுக்கு ஒரு வாரம் ஆனது.

"சரி. தலைய மட்டும் ஆட்டாத. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. ரெண்டுக்கும் நடுவுல நீ ஒரு ஆட்டு ஆட்டுறியே, அத மன்னார்குடியிலயே விட்டுரு."

"சரிலா அத்தே."

"அங்க லா வராது."

"பின்ன எங்கதான் வரும்?"

ஜெயலெட்சுமி யோசித்தாள். பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு, அதன் வாலில் ஒட்டுகிற லா. எங்கே வரும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "அது தானா வரும். நீ பேசாமலே வா."

பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் காமினியை உட்காரவைத்து, தான் வெளிப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். கைப்பைக்குள் விரலை விட்டுத் தன்னுடைய அடையாள அட்டையை, ஐசியைத் தொட்டுப் பார்த்தாள். நீல ஐசி, குடியுரிமைக்காரி, இந்த மண்ணில் பிறந்தவள். இருந்தாலும் ஜெயலெட்சுமி அதை இரண்டாவது தடவையும் தொட்டுப் பார்த்தாள். தனக்காகப் பயந்து பழக்கப்பட்டவள்தான் அவள். இன்னொருத்திக்காகப் பயப்படுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஜெலுத்தோங்கில் கருநீலச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் ஏறினார். காமினி மாமியாரின் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. அவர் முன் சீட்டில் வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ கொண்டோ அடுக்குமாடியின் ராத்திரிக் காவலாளி, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். காமினி கையை எடுக்கச் சூலியா தெருவே வந்துவிட்டது.

ஆகஸ்ட் மாதம். கடைக்குக் கடை தேசியக் கொடி தொங்கியது. நாணயமாற்றுக் கடைக்காரர்கள் கதவைப் பாதி திறந்துவைத்து உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு கடையின் மேல்மாடியில்தான் பக்கிரிசாமியின் ஆபிஸ்.

மாடிப்படியின் இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. பெயர்ப் பலகை இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"பக்கிரிசாமியா? அவரு காலி பண்ணி ரெண்டு வாரம் ஆச்சேக்கா," என்றார் கீழ்க்கடை நாணயமாற்றுக்காரர். "வாடகை பாக்கி வேற. ஓனர் தேடிக்கிட்டு இருக்காரு."

ஜெயலெட்சுமி அந்த மெசேஜைத் திரும்பத் திறந்து பார்த்தாள். நேற்று மாலை வந்ததுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஓடிப்போனவன், பூட்டிய கதவுக்கு முன்னால் இவர்களை எதற்கு வரச் சொன்னான்? அதுவும் நாள் பார்த்து, நேரம் பார்த்து? யோசிக்க நேரம் இல்லை. பக்கத்தில் காமினி தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"அத்தே, கண்ணு இருட்டுது."

அவளை உட்காரவைக்க வேண்டும். எதிர் வரிசையில் நாற்காலி போட்டிருந்தது ஒரே ஒரு கடை. இஸ்மாயில் பாயின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. இந்தத் தெருவுக்கு வரவேண்டி வந்தால்கூட அந்தக் கடை இருக்கிற பக்கம் நடக்காதவள் ஜெயலெட்சுமி. இன்று மருமகளின் இடுப்பைப் பிடித்துத் தெருவைக் கடந்து நேராக அங்கே போனாள். வேறு வழி இல்லை.

கல்லாவில் இருந்த இஸ்மாயில் பாய் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க தங்கச்சி. பிள்ளைய உக்கார வைங்க." உள்பக்கம் திரும்பி, "தே ஓ ஒன்னு, சீனி கொஞ்சம் கூட. சுடுதண்ணி ஒன்னு," என்று குரல் கொடுத்தார்.

நேற்றுதான் வந்துபோன உறவுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினார். ஜெயலெட்சுமிக்கு அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

காமினி பால் இல்லாத அந்தத் தேத்தண்ணியை இரண்டு வாய் குடித்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. இஸ்மாயில் பாய் தயங்கித் தயங்கி, "உள்ளதான் இருக்கு. கூப்பிடவா?" என்றார்.

யார் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"வேணாம் பாய். தண்ணி குடிச்சதும் கெளம்பிருவோம்."

அடுப்படி வாசலில் தொங்கிய திரை லேசாக அசைந்தது. ஜெயலெட்சுமி பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதனால்தான் அந்த வேனை அவள் முதலில் பார்த்தாள்.

வேன் கடைவாசலிலேயே நின்றது. பின்னால் இன்னொன்று. இறங்கியவர்கள் சீருடையில் இருந்தார்கள். இரண்டு பேர் சந்து வழியாகப் பின்பக்கம் போனார்கள், மூன்று பேர் முன்வாசலில் ஏறினார்கள். இமிகிரேசன்.

"காமினி," என்றாள் ஜெயலெட்சுமி உதடு அசையாமல். "தேத்தண்ணியக் குடி. நிமிராத."

கடையில் இருந்த மற்றவர்கள் யாரும் பதறவில்லை. மூலையில் இருந்த சீனத் தாத்தா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மலாய்ப் பையன்கள் இரண்டு பேர் போனைப் பார்த்தபடியே மீன்குழம்பைப் பிசைந்தார்கள். கடைகளில் வேலையாட்களின் பெர்மிட்டைச் சரிபார்க்க அடிக்கடி வருவார்கள். சாப்பிடுகிறவன் பாட்டுக்குச் சாப்பிடுவான். இந்த ஊர் வழக்கம் அது.

காமினி எழுந்து நின்றாள்.

நாற்காலி கிரீச்சென்று பின்னால் போனது. இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அடக்கமாக நின்றாள். அவள் ஊரில் கிராம அதிகாரி வந்தால் எழுந்து நிற்பார்கள், பேங்க் மேனேஜருக்கு நிற்பார்கள், கரண்ட் ஆபிஸ்காரருக்குக்கூட நிற்பார்கள். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. பயந்த நேரத்தில் கால்கள் பழகியதைச் செய்துவிட்டன. குனிந்த கழுத்திலிருந்து தாலிக்கொடி நழுவிப் பச்சைச் சட்டைக்கு வெளியே வந்து விழுந்தது.

வெள்ளி, தாப்பாவ், கட்டைவிரல் என்று ஒரு மாதம் பாடம் நடத்திய ஜெயலெட்சுமிக்கு, எழுந்திருக்காதே என்று சொல்லத் தோன்றவே இல்லை. அப்படி ஒன்றைச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அடுப்படிப் பக்கம் வேலையாட்கள் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். நடுக்கடையில், மேசைக்குப் பக்கத்தில், காமினி ஒருத்தி தனியாக நின்றாள். முன்னால் வந்த பெண் அதிகாரி நேராக அவளிடம் வந்தார். சட்டையில் காமாரியா என்று பெயர் இருந்தது.

"நீ இங்கே வேலை செய்கிறாயா?" மலாயில் கேட்டார். குரல் கடுமையாக இல்லை.

கெர்ஜா என்றால் வேலை என்பது காமினிக்குப் புரிந்தது. இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். வார்த்தை வரவில்லை. தலை ஆடியது. ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் ஆடுகிற அந்த ஆட்டம்.

"வேலை இல்லை புவான்," என்று ஜெயலெட்சுமி கடைத்தெருவில் பழகிய தன் பசார் மலாயில் குறுக்கே விழுந்தாள். "என் மகள். வயிற்றில் பிள்ளை. மயக்கம் வந்தது, அதனால்தான் இங்கே உட்கார்ந்தோம்."

"ஐசி?"

"வீட்டில் வைத்துவிட்டாள்."

"பரவாயில்லை. நம்பரைச் சொல்லச் சொல்லுங்கள்."

இந்த நாட்டில் சொந்தக் கல்யாண நாளை மறந்தவர்கள் உண்டு. ஐசி நம்பரை மறந்தவர்களைக் காட்டுங்கள் பார்ப்போம். கிளினிக்கில் கேட்டாலும் பேங்கில் கேட்டாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முழு எண்ணும் தடங்கல் இல்லாமல் வந்து விழும். அதிகாரி எண்ணுக்காகக் காத்திருந்தார். காமினி மாமியாரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை ஜெயலெட்சுமியால் ஒரு நொடிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

"செம்பிலான் துஜோ, கோசோங் அம்பாட்..." என்று மலாய் எண்களில் தானே ஆரம்பித்தாள்.

பிரமிளாவின் நம்பர். பன்னிரண்டு வயதில் ஐசி எடுத்தபோது, பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் மோட்டாரில் உட்காரவைத்து வாசு மகளை மனப்பாடம் பண்ணவைத்தான். கேட்டுக் கேட்டு ஜெயலெட்சுமிக்கும் பாடமாகிவிட்டது. பெயரைத்தான் வாயிலிருந்து துரத்தினாள். நம்பர் உள்ளேயே இருந்திருக்கிறது.

கடைசி எண்வரை நிற்காமல் சொன்னாள். காமாரியா கையிலிருந்த கருவியில் தட்டினார்.

"பெயர்?"

கேட்டது காமினியை. பதில் சொன்னது ஜெயலெட்சுமி. "பிரமிளா."

நான்கு வருடம் கழித்து அந்தப் பெயரைச் சொன்னாள், அதுவும் பொய்க்காக.

காமாரியா கருவியைப் பார்த்தார். காமினியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், தாலியைப் பார்த்தார், திரும்பவும் கருவியைப் பார்த்தார். பிறகு மெதுவாக வாசித்தார்.

"ஃபாத்தின் பிரமிளா பிந்தி அப்துல்லா. இஸ்லாம்."

ஜெயலெட்சுமி மேசையைப் பிடித்துக்கொண்டாள். மதம் மாறினாள் என்று தெரியும். பெயர் மாறியிருக்கும் என்பதும் தெரியாமல் இல்லை. ஆனால் யாரோ ஒரு அதிகாரி சத்தம்போட்டு வாசிக்க, தான் கேட்கவேண்டிவரும் என்று நினைத்ததில்லை. தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் வாசு இல்லை, மதம் மாறியவர்களுக்குப் போடுகிற அப்துல்லா இருந்தது. புருஷன் இரண்டாவது தடவை செத்ததுபோல் இருந்தது. ஆனால் நடுவில் பிரமிளா இருந்தாள். மகள் அதை விட்டுக்கொடுக்கவில்லை. எதற்கு அழுவது என்று தெரியாமல் நின்றாள்.

அழவும் நேரமில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பாஸ் இல்லாத காமினியைக் காப்பாற்றப்போய், தாலியும் பொட்டுமாக நிற்கிற ஒரு முஸ்லிம் பெண்ணாக அவளை ஆக்கியாயிற்று. இதற்கு மத இலாகா என்று வேறு ஆபிஸ், வேறு விசாரணை. இனிமேல் என்ன சொன்னாலும் ஒரு பக்கம் மாட்டத்தான் வேண்டும்.

"மக்சிக்," என்று பெரியம்மா முறையில் கூப்பிட்டார் காமாரியா. "இது யார்?"

ஜெயலெட்சுமி காமினியை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அதிகாரி இஸ்மாயில் பாயைப் பார்த்தார். "முதலாளி நீங்கள்தானே? இவர்களைத் தெரியுமா?"

இஸ்மாயில் பாயின் நெற்றி வேர்த்திருந்தது. அடுப்படி ஓரம் அவருடைய ஆட்கள் நின்றார்கள். எல்லாருக்கும் பெர்மிட் சரியாக இருந்தது. இதுவரை ஒரு அதிகாரியிடமும் அவர் பொய் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருந்ததில்லை.

"தெரியும் புவான்," என்று கட்டைவிரலால் ஜெயலெட்சுமியைக் காட்டினார். "என் சம்பந்தி."

"இந்தப் பெண்?"

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

திரையை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். தலையில் தூடோங் முக்காடு. ஒரு கையில் மஞ்சள் கறை. இன்னொரு கையில் ஐசி. நான்கு வருடத்தில் கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மற்றபடி அதே நடை, வாசுவின் நடை.

"அது என் நம்பர் புவான்," என்று சொல்லி ஐசியை நீட்டினாள் பிரமிளா.

தாயைப் பார்க்கவில்லை. காமினியைத்தான் பார்த்தாள். அண்ணன் கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகை வரவில்லை. அண்ணியின் முகம் தெரியாது. ஆனால் அந்தப் பச்சைச் சட்டை தெரிந்தது. தோளில் அவளே போட்ட தையல்கூட அப்படியே இருந்தது.

காமாரியா ஐசியையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "அப்படியானால் இவள் யார்?"

"இவங்க..." பிரமிளா ஒரு கணம் தடுமாறினாள். "இவங்க என் அக்கா. என் நம்பரையும் அக்கா நம்பரையும் அம்மா குழப்பிட்டாங்க. அக்கா ஐசி..."

மலாயில் சொன்ன அந்த இரண்டு வரியும் காமினிக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் பொய் சொல்கிற குரல் எந்த மொழியிலும் தெரிந்துவிடும். முதலில் அத்தை, இப்போது முன்பின் பார்க்காத நாத்தனார். தன் ஒருத்திக்காக ஒவ்வொருவராகப் பள்ளத்தில் இறங்குகிறார்கள். காமினி நாத்தனாரின் மஞ்சள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மேடம்," என்றாள். "என் பேரு காமினி. இந்தியா. மன்னார்குடி." மூச்சை இழுத்துக்கொண்டு, தெரிந்த மலாயில் மீதியையும் சொன்னாள். "பாஸ் சூடா ஹாபிஸ்."

பாஸ் முடிந்துபோச்சு.

கடையில் அப்போதுதான் கரண்டிச் சத்தம் நின்றது. சீனத் தாத்தா நிமிர்ந்து பார்த்தார்.

காமாரியா கருவியை இடுப்பு உறையில் போட்டார். "பாஸ்போர்ட் எங்கே?"

"ஏஜெண்டிடம்," என்றாள் ஜெயலெட்சுமி. இனி மறைக்க ஒன்றும் இல்லை. "எதிர்மாடியில் இருந்தான். பக்கிரிசாமி. இன்றைக்கு வரச் சொல்லிவிட்டு ஆளைக் காணோம்."

காமாரியா பக்கத்திலிருந்த அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அவரும் இவரைப் பார்த்தார்.

"இன்றைக்கு, இந்த நேரத்துக்கு, இங்கே வரச் சொன்னது அவனா?"

"ஆமாம் புவான். மெசேஜ் இருக்கிறது. ஏன்?"

காமாரியா போனுக்குக் கை நீட்டினார். மெசேஜைக் காட்டச் சொல்லி, தன் போனில் அதைப் படமெடுத்துக்கொண்டார். பிறகு தன் ஆட்களிடம், "கர்ப்பிணி. பின்னால் வேண்டாம், முன் சீட்டில் உட்காரவையுங்கள்," என்றார்.

ஜெயலெட்சுமி வழியை மறித்து நின்றாள். "புவான், மூன்று மாதம். அவளால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. என்னைக் கொண்டுபோங்கள். தப்பு என்னுடையது. தாலிக்கு நாள் பார்த்தது நான்தான்."

"மக்சிக், பொய் நம்பர் கொடுப்பது குற்றம். தெரியுமா?" காமாரியா குறிப்பேட்டைத் திறந்தார். "இன்றைக்கு ஒருத்தி பெயரைத்தான் எழுதப்போகிறேன். இன்னொருத்தி பெயரையும் எழுத வைக்காதீர்கள். இவளுடைய கணவனை நாளைக் காலை பாஸ்போர்ட்டோடு ஆபிசுக்கு வரச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் வந்தால் பேசலாம். வராவிட்டால் தடுப்புக் காவல் கேம்ப்புக்கு அனுப்புவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

கேம்ப் என்ற சொல் எல்லாருக்கும் புரிந்தது. காமினிக்கும்.

வேன்வரை பிரமிளாதான் அண்ணியைப் பிடித்துக்கொண்டு போனாள். சுடுதண்ணிப் போத்தலையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் அவள் மடியில் வைத்தாள். "வாந்தி வந்தா இதுல எடுங்க. பயப்படாதீங்க, நான் பின்னாலயே வர்றேன்." பயப்படாதே என்று சொன்ன அவள் குரலே உடைந்திருந்தது.

ஜெயலெட்சுமி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தெருவே பார்க்க அழுதாள். இந்தத் தெருவில் யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்று நான்கு வருடம் ஒதுங்கி நடந்தவள்.

காமினி உள்ளேயிருந்து கை நீட்டி மாமியாரின் விரல்களைக் கதவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"அழாதீங்கலா, அத்தே."

ஜெயலெட்சுமி திருத்தவில்லை. இந்தத் தடவை திருத்த ஒன்றும் இல்லை. வேன் கொடிகளுக்குக் கீழே போய் முச்சந்தியில் திரும்பிவிட்டது.

இஸ்மாயில் பாய் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து நடைபாதையிலேயே போட்டார். "உக்காருங்க தங்கச்சி. இக்மல் வக்கீல் ஒருத்தருக்கு போன் போட்டுக்கிட்டு இருக்கான். பக்கிரிசாமி எந்தப் பொந்துல இருந்தாலும் இந்தத் தெருவுல எவனுக்காவது தெரியாம இருக்காது. தேடுவோம்."

"அவன்தான் காட்டிக் குடுத்திருக்கான் அண்ணே," என்றாள் ஜெயலெட்சுமி. பாய் என்று கூப்பிட மறந்துபோனாள். "எதுக்குன்னுதான் தெரியல. அந்தப் பச்சப் பிள்ள அவனுக்கு என்ன பாவம் செஞ்சிச்சு?"

பிரமிளா இரண்டடி தள்ளி நின்றாள். பக்கத்தில் வரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா," என்றாள் கடைசியில். "என் நம்பர் இன்னும் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

ஜெயலெட்சுமி வாயைத் திறப்பதற்குள் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். மோகனராஜ். பட்டனை அழுத்தியதும் பின்னால் தட்டுச் சத்தமும் ஆட்கள் பேசுகிற சத்தமும் கேட்டன.

"அம்மா, இப்பதான் ரெஸ்ட் விட்டாங்க, கேன்டீன்ல இருக்கேன். என்னாச்சு, பக்கிரிசாமி பாஸ்போர்ட்டக் குடுத்தானா? காமினிகிட்ட குடுங்க. காலையிலேருந்து அது ஒன்னும் சாப்பிட்டிருக்காது."

"அம்மா? அம்மா?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜெயலெட்சுமி அதை அப்படியே மகளிடம் நீட்டினாள்.

"என்னால முடியாது. நீ சொல்லு, பிரமிளா."

பிரமிளா மஞ்சள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"அண்ணே."

"யாரு?"

எந்தப் பெயரைச் சொல்வது என்று அவள் ஒரு கணம் நின்றாள்.

"தங்கச்சிண்ணே. உன் தங்கச்சி. நின்னுக்கிட்டு இருக்கியா, உக்காந்திருக்கியா?"

"நிக்கிறேன். ஏன்? அம்மாவுக்கு என்னாச்சு? காமினி எங்க?"

"அண்ணே, மொதல்ல உக்காரு."